ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு மாறினா கடையில என்னென்ன நின்னு போகும்?

காவேரிப்பட்டணம்_கடை

ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் கைரேகை வெச்சு பணம் எடுத்துக் குடுக்கறது எல்லாம் சேர்ந்த சின்னக் கடை. இப்ப இருக்கறது 4 வருஷப் பழைய ஆண்ட்ராய்டு, ரெண்டு சிம். அறுபதாயிரத்துக்குள்ள புதுசு வாங்கணும். வீட்டுல பசங்க ஐபோன்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கடைக்கு வர்ற ஏஜெண்டுங்க "ஐபோன் வாங்கினா தொழில் படுத்துரும்"ங்கறாங்க. ரெண்டு தரப்பும் காரணம் மட்டும் சொல்ல மாட்டேங்குது.

போனோட ஒட்டியிருக்கற சாமான்: ஓடிஜி ஒயர்ல (போன்ல வெளி மெஷினை மாட்டற ஒயர்) கைரேகை மெஷின், 58 மி.மீ. புளூடூத் பில் பிரிண்டர், ரெண்டு பேங்க் யூபிஐ, சவுண்டு பாக்ஸ், வாட்ஸ்அப்ல 6 வருஷ வரவு செலவு. இதுல எது ஐபோன்ல ஓடும், எது ஓடாது? அப்படியே இன்னொண்ணு. ஐபோன்காரங்க ஏன் திரும்பி வரவே மாட்டேங்கறாங்க, ஆண்ட்ராய்டுகாரங்க ஏன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க? கெத்துக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க.

அரூர்_ஓடிஜி

அண்ணா, உங்க கேள்விக்குப் பாதி பதில் சாமான் லிஸ்ட்லயே இருக்கு. ஒவ்வொண்ணா வர்றேன்.

கைரேகை மெஷின்: ஓடாது. ஆதார் சரிபார்ப்புக்கு மெஷின் கூட ஆர்டி சர்வீஸ்னு ஒரு ஆப் இருக்கணும். ரேகையை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பற வேலை அதோடது. நம்ம பக்கம் கடைகள்ல ஓடற ஒயர் மெஷினுக்கு அது ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும்தான் வருது. ஐபோன் 15-ல இருந்து டைப்-சி ஓட்டை வந்துருச்சு, ஒயர் கச்சிதமா உக்காரும். உக்காந்து என்ன, பேசறதுக்கு உள்ள ஆள் இல்லையே.

ஆண்ட்ராய்டே வாங்கினாலும் எல்லா ஆண்ட்ராய்டும் ஒண்ணு கிடையாது. ஒப்போ, ரியல்மி மாதிரி போன்கள்ல செட்டிங்ஸுக்குள்ள ஓடிஜி கனெக்‌ஷன்னு தனி சுவிட்ச் இருக்கும், 10 நிமிஷம் சும்மா இருந்தா தானா அணைஞ்சுரும். வரிசையில ஆள் நிக்கும்போது 720-ன்னு எரர் வந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. 720-ன்னா "டிவைஸ் ரெடியா இல்ல". முதல்ல இந்த சுவிட்சைப் பாருங்க, அப்புறம் ஒயர், அப்புறம் ஆர்டி சர்வீஸ் சந்தா தேதி முடிஞ்சுதான்னு. 700 வந்தா விரல் வெக்க லேட்டாயிருச்சு. 730-ன்னா விரல் வெச்சும் ரேகை பதியல. காட்டு வேலை செய்யறவங்களுக்கு ரேகை தேஞ்சிருக்கும், விரல் வறண்டும் இருக்கும். ஈரத்துணியில ஒருதரம் துடைச்சுட்டு, கண்ணாடியையும் துடைச்சுட்டு, வேற விரல் வெச்சுப் பாருங்க. 710-ன்னா வேற ஏதோ ஆப் மெஷினைப் பிடிச்சு வெச்சிருக்கு, அதை மூடணும். ரூட் பண்ணின (கம்பெனி போட்ட உள்பூட்டை உடைச்ச) போன்ல ஆர்டி சர்வீஸ் ஒத்துழைக்காது. மெஷின் மாத்தற யோசனை இருந்தா எல்1 ரகமா (ரேகையை மெஷினுக்குள்ளயே பூட்டற ரகம்) வாங்குங்க.

பில் பிரிண்டர்: இதுலதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. விலை குறைஞ்ச 58 மி.மீ. பிரிண்டர்ல பாதிக்கு மேல பழைய ரக புளூடூத், அதாவது 0000 இல்ல 1234-ன்னு பின் போட்டு ஜோடி சேர்க்கறது. அந்த வழியில பேச ஆப்பிள்கிட்ட தனியா சான்று வாங்கின சாமானா இருக்கணும். இல்லன்னா ஐபோன் புளூடூத் லிஸ்ட்ல பிரிண்டர் பேரே தெரியாது. பிஎல்இ-ன்னு (குறைஞ்ச கரண்ட்ல ஓடற புது ரக புளூடூத்) போட்ட பிரிண்டரா இருந்தா ஓடும். ஆனா அதை செட்டிங்ஸ்ல தேடக் கூடாது, பில் போடற ஆப்புக்குள்ளயே போய்த்தான் இணைக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி பெட்டியில ஐஓஎஸ்னு (ஐபோனை ஓட்டற மென்பொருள்) எழுதியிருக்கான்னு பாருங்க. கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும்"னு சொன்னா அவர் கையில இருக்கற ஐபோன்ல ஒரு பில் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க.

கூடவே ஒண்ணு. தமிழ்ல பேர் போட்டா கட்டம் கட்டமா, கேள்விக்குறியா வருதுன்னா அது போன் குத்தம் இல்ல, ரெண்டு போன்லயும் அப்படித்தான் வரும். அந்த பிரிண்டருக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. ஆப்ல "படமா அச்சிடு"ங்கற வசதி இருக்கணும். 58 மி.மீ. தாள்ல அச்சாகற அகலம் 48 மி.மீ., 384 புள்ளி. அந்த அகலத்துக்குப் படம் அனுப்பினா "கத்தரி நாத்து"ன்னு தெளிவா விழும். கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான்.

சவுண்டு பாக்ஸுக்கு உள்ளயே தனி சிம் இருக்கு. உங்க போன் எதுவா இருந்தாலும் அது பாட்டுக்குக் கத்தும்.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்

அரூர் நண்பர் சொன்னது கடை மெஷினுக்குச் சரி. ஆனா ரெண்டாவது கேள்விக்குப் பதில் அதுல இல்லையே.

ஐபோன்காரங்க திரும்பி வராததுக்கு முக்கியமான காரணம், வாங்கின போன் வருஷக்கணக்கா அப்படியே ஓடறது. 2025 செப்டம்பர்ல வந்த ஐஓஎஸ் 26, 2019-ல வந்த ஐபோன் 11-ல ஓடுது. ஆண்ட்ராய்டுன்னா எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு பார்த்துத்தான் பேசணும். பிக்சல் 8-ல இருந்தும் சாம்சங் எஸ்24-ல இருந்தும் 7 வருஷம் அப்டேட் தர்றதா சொல்லியிருக்காங்க. சாம்சங் ஏ16 5ஜி மாதிரி விலை குறைஞ்ச போனுக்கே 6 வருஷம் உண்டு. அதே விலையில வேற சில போனுக்கு ரெண்டு வருஷத்தோட ஆண்ட்ராய்டு பதிப்பு நின்னுரும். பெட்டியில ரேம், கேமரா எல்லாம் பெருசா போட்டிருப்பாங்க, இதைப் போட மாட்டாங்க. வாங்கும்போது கேக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

இன்னொண்ணு ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஏத்தற ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல். வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு வரும், வண்டி அபராதம்னு ஒண்ணு, பிஎம் கிசான்னு ஒண்ணு. தொட்டா ஆப் ஏறிரும். அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், குடுத்துட்டா ஓடிபி எல்லாம் எவனுக்கோ போகும். ஐபோன்ல இங்க ஆப் ஸ்டோரை விட்டு வெளிய இருந்து இப்படித் தொட்டு ஏத்த வழியில்ல, மத்த ஆப் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும் முடியாது. வீட்டுல பெரியவங்க போனுக்கு ஐபோன்தான் நல்லதுன்னு நான் சொல்றது இதுக்காக.

ஆண்ட்ராய்டுலயும் இந்தக் கதவைச் சாத்தலாம். செட்டிங்ஸ் போய் ஆப்ஸ், அதுல ஸ்பெஷல் ஆக்சஸ், அதுல இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். அங்க வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூணுக்கும் "அனுமதி இல்லை"ன்னு வெச்சுருங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஏற்கெனவே ஏறியிருந்தா முதல்ல ஏரோப்ளேன் மோட் போடுங்க, ஆப்பை எடுங்க, பணம் போயிருந்தா வேற போன்ல இருந்து 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் நம்பர்) உடனே கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ, அந்தப் பணத்தைப் பிடிச்சு நிறுத்தற வாய்ப்பு அவ்வளவு இருக்கு.

(ஐபோனோட மேல்கூடு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே தயாராகுது. அதுக்காக இங்க பத்து ரூபா குறையும்னு யாரும் கனவு காணாதீங்க.)

ராயக்கோட்டை_மண்டி

எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. கால் ரெக்கார்டிங்.

தக்காளி, மாங்காய் யாவாரத்துல விலை பேசறது பூரா போன்லதான். "பெட்டி என்ன விலை சொன்னேன், எத்தனை பெட்டி சொன்னேன்"னு மறுநாள் தகராறு வந்தா பதிவுதான் சாட்சி. இந்த ஒரே காரணத்துக்காக ஐபோன் வாங்காத ஆளுங்க மண்டிக்கு பத்துப் பேர் இருப்பாங்க.

ஐபோன்ல 2024-ல வந்த ஐஓஎஸ் 18.1-ல இருந்து கால் ரெக்கார்டிங் இருக்கு. ஆனா பட்டனைத் தொட்டதும் பதிவாகுதுன்னு ரெண்டு பக்கமும் குரல் கேக்கும். பதிவு நோட்ஸ் ஆப்புக்குள்ள போய் உக்காரும். கூகுள் டயலர் (கால் பண்ற ஆப்) இருக்கற ஆண்ட்ராய்டுலயும் இதே கதைதான், அறிவிப்பு வரும். பிளே ஸ்டோர்ல தனி ரெக்கார்டர் ஆப் தேடாதீங்க, 2022 மே மாசத்தோட கூகுள் அந்த வழியை அடைச்சுருச்சு. சாம்சங் போன் ஆப்ல மேல மூணு புள்ளி, செட்டிங்ஸ், ரெக்கார்டு கால்ஸ், ஆட்டோ ரெக்கார்டு போட்டா எல்லாக் காலும் தானா பதிவாகும், அறிவிப்பு கிடையாது.

ஆக "ஆண்ட்ராய்டுல ரெக்கார்டிங் இருக்கு"ங்கறது பாதி உண்மை. எந்த டயலர்னு பார்த்து வாங்கணும். அறிவிப்பு வராட்டியும் எதிராளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பதிவு பண்றதுதான் மரியாதை. யாவாரத்துக்கும் நல்லது, சொன்ன விலையை மாத்த மாட்டாங்க.

பென்னாகரம்_தமிழ்99

தமிழ் டைப்பிங் பத்தி ரெண்டு வரி. ஐபோன்ல தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் உள்ளயே இருக்கு: செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ், ஆட் நியூ. ஆண்ட்ராய்டுல கூகுளோட கீபோர்டான ஜிபோர்டு. தட்டச்சே வேண்டாம், மைக்கைத் தொட்டுப் பேசறவங்களுக்கு ஆண்ட்ராய்டு ஜிபோர்டுதான் சுளுவு. ஐபோன்லயும் ஜிபோர்டு போடலாம், ஆனா பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் அது ஒதுங்கி ஆப்பிள் கீபோர்டு வந்துரும். அது கோளாறு இல்ல, பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்காங்க.

தர்மபுரி_சர்வீஸ்

அறுபதாயிரம்னா புது ஐபோன்ல 16இ மாதிரி ஒண்ணு ரெண்டுதான் எட்டும் (அது வந்தப்ப விலை 59,900). அதனால பசங்க அடுத்து "செகண்ட் ஹேண்ட் புரோ பாக்கலாம்பா"ன்னு வருவாங்க. அப்ப இதைப் பாருங்க.

செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போங்க. மாடல் நம்பர்னு ஒரு வரி இருக்கும். முதல் எழுத்து எம்-ன்னா கடையில புதுசா வித்தது, எஃப்-ன்னா கம்பெனி புதுப்பிச்சது, என்-ன்னா ரிப்பேருக்குப் பதிலா மாத்திக் குடுத்தது. கடைசியில ஹெச்.என்./ஏ-ன்னு முடிஞ்சா இந்தியாவுக்கு வந்தது. எல்.எல்./ஏ-ன்னா அமெரிக்கா. அமெரிக்க ஐபோன்ல 14-ல இருந்து சிம் தட்டே கிடையாது, இசிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியற சிம்) மட்டும்தான். சொந்தக்காரர் வரும்போது கொண்டுவந்தார்னு வாங்கிட்டு, சிம்மை எங்க போடறதுன்னு போனைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு நிப்பாங்க. ஜே/ஏ-ன்னா ஜப்பான், கேமரா கிளிக் சத்தத்தை அணைக்க முடியுதான்னு பாத்துக்கோங்க. சி.ஹெச்./ஏ-ன்னா சீனா, அதுல ரெண்டு சாதா சிம் போடலாம்.

அதே பக்கத்துல கீழ பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரின்னு வந்தா நிறுத்திப் படிங்க. அன்னோன் பார்ட்னு இருந்தா டிஸ்ப்ளேயோ பேட்டரியோ வெளிச்சாமான். வெளி டிஸ்ப்ளே போட்டா ட்ரூ டோன் (சுத்தி இருக்கற வெளிச்சத்துக்குத் தக்கபடி திரை நிறத்தை மாத்தற வசதி) போயிரலாம், வெளி பேட்டரி போட்டா அதோட ஆரோக்கிய சதவீதத்தை நம்ப முடியாது. ஃபேஸ் ஐடி அங்கயே ஒருதரம் பதிஞ்சு பாருங்க, அது போயிருந்தா சரி பண்றது பெரிய செலவு. கடைசியா, விக்கறவர் உங்க கண்ணு முன்னாடி தன் ஆப்பிள் ஐடியில இருந்து சைன் அவுட் பண்ணி, போனை அழிச்சு, "ஹலோ" திரை வரவெச்சுக் காட்டணும். வராம வாங்கிட்டா ஆக்டிவேஷன் லாக், அதாவது பழைய ஆளோட ஐடி பாஸ்வேர்டு இல்லாம திறக்காது. அது போன் இல்ல, பேப்பர் வெயிட்டு.

ஆண்ட்ராய்டோ ஐபோனோ, *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பரை (போனோட தனி அடையாள எண்) அரசோட சஞ்சார் சாத்தி ஆப்ல போட்டுப் பாருங்க. திருட்டுப் போன்னு முடக்கியிருந்தா காட்டிரும்.

சாமான் கிடைக்கறதுலதான் ஊர்ப்பக்கம் ஆண்ட்ராய்டுக்கு ஓட்டு விழுது. சாம்சங், ரெட்மி, விவோவுக்கு டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்டு எல்லாம் தர்மபுரியில அன்னிக்கே மாத்திரலாம். ஐபோனுக்கு ஒரிஜினல் சாமான் வேணும்னா அங்கீகாரம் பெற்ற சென்டர். அது எங்க இருக்குன்னு பின்கோடு போட்டுப் பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. ஓசூர்காரருக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர், அவருக்கு இது கணக்கே இல்ல. பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்கு ஒரு நாள் பொழப்பு.

காவேரிப்பட்டணம்_கடை

எல்லாருக்கும் நன்றிங்க. அரூர் அண்ணன் சொன்னதுல பாதி முடிவு தெரிஞ்சுருச்சு. பழைய ஆண்ட்ராய்டைக் கடையிலயே வெச்சு கைரேகைக்கும் பிரிண்டருக்கும் விட்டுட்டு, கையில ஐபோன் வெச்சுக்கலாம்னு இருக்கேன். மிச்சம் ரெண்டு சந்தேகம். வாட்ஸ்அப் பூராவும் அப்படியே போகுமா? ரெண்டு சிம்மும் ஐபோன்ல போட முடியுமா?

அரூர்_ஓடிஜி

போகும், ஆனா ஒரே வழியிலதான். கூகுள் டிரைவ்ல இருக்கற பேக்கப்பை ஐபோன் திறக்காது. ஐபோனைப் பெட்டியில இருந்து எடுத்து சும்மா ஒருதரம் ஆன் பண்ணிப் பாத்து செட் பண்ணிட்டா, திரும்ப அழிச்சுட்டுத்தான் முதல்ல இருந்து வரணும். அதனால பசங்க கையில முதல்ல குடுக்காதீங்க.

ரெண்டு போனையும் சார்ஜர்ல போடுங்க, ஒரே வைஃபைல இருக்கணும். பழைய போன்ல வாட்ஸ்அப்பைப் புதுப்பிச்சுட்டு, மூவ் டு ஐஓஎஸ் ஆப் ஏத்துங்க. ஐபோன் செட்டப்ல "ஃப்ரம் ஆண்ட்ராய்டு" தேர்ந்தெடுத்தா ஒரு கோட் நம்பர் வரும், அதைப் பழைய போன்ல அடிங்க. என்னென்ன அனுப்பணும்னு கேக்கற பக்கத்துல வாட்ஸ்அப்பை டிக் பண்ணி ஸ்டார்ட் குடுங்க. அது தயார் பண்ணி முடிச்சதும் பழைய போன்ல வாட்ஸ்அப் லாக் அவுட் ஆகும், பயப்படாதீங்க. நெக்ஸ்ட், அப்புறம் கன்டினியூ. முடியற வரைக்கும் பழைய போன்ல அந்த ஆப்பை விட்டு வெளிய வரக் கூடாது. கால் வந்து எடுத்தாக்கூட நின்னுரும். பாதியில அறுபடறதுக்கு இன்னொரு காரணம், வைஃபை மெதுவா இருந்தா தானா டேட்டாவுக்குத் தாவற வசதி. அதையும் அணைச்சு வெச்சுருங்க.

ஐபோன்ல வாட்ஸ்அப் ஏத்தி, அதே நம்பர் போட்டதும் ஸ்டார்ட் கேக்கும். கால் ஹிஸ்டரி வராது, பணம் அனுப்பின மெசேஜும் வராது. 6 வருஷ போட்டோன்னா பல ஜிபி இருக்கும், ஐபோன்ல இடம் இருக்கான்னு முன்னாடியே பாருங்க. அதுல மெமரி கார்டு போட வழியில்ல. எல்லா சாட்டும் வந்துச்சான்னு பாக்கற வரைக்கும் பழைய போன்ல வாட்ஸ்அப்பை அழிக்காதீங்க.

சிம் கார்டுல சேமிச்ச நம்பரை மறந்துராதீங்க. பழைய போன்லயே அதை கூகுள் கணக்குக்கு மாத்திட்டா ரெண்டு போன்லயும் தெரியும். ஐபோன் சிம்ல இருந்து படிக்கும், சிம்ல எழுதாது.

ஓசூர்_ரெண்டாம்_ஷிப்ட்

சிம் கதையை நான் சொல்றேன். இங்க விக்கற சாதாரண ஐபோன்ல ஒரு சாதா சிம், இன்னொண்ணு இசிம். ஐபோன் ஏர் மட்டும் முழுக்க இசிம். ஜியோ, ஏர்டெல், விஐ மூணுலயும் இசிம் உண்டு. பிஎஸ்என்எல்லும் 2025-ல தமிழ்நாட்டுல தொடங்கிருச்சு. ரெண்டு சிம்ல எந்த நம்பருக்கு பேங்க் ஓடிபி வருதோ அதை சாதா சிம்மாவே விட்டுட்டு, மத்ததை இசிம் ஆக்குங்க. காரணம், சிம் மாத்தினா 24 மணி நேரம் அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. பாதுகாப்புக்காக வெச்ச விதி. கடையில கூட்டம் இருக்கற சந்தை நாள்ல இதைத் தொடங்கினா ஓடிபி இல்லாம உக்காந்திருக்கணும்.

யூபிஐ ஆப் உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கும். ஆண்ட்ராய்டுல அனுமதி குடுத்தா அதுவே அனுப்பிக்கும். ஐபோன்ல மெசேஜ் பெட்டி திறக்கும், நீங்கதான் அம்புக்குறியைத் தொடணும். அதுல இருக்கற எழுத்துல ஒண்ணைக்கூட மாத்தாதீங்க. ரெண்டு லைன் இருந்தா பேங்க் நம்பர்ல இருந்துதான் போகுதான்னு பாருங்க. தப்பான லைன்ல போயிட்டு "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு"ன்னு வர்றதுதான் ஐபோன்ல யூபிஐ நிக்கறதுக்கு முதல் காரணம். செட்டிங்ஸ்ல மொபைல் சர்வீஸ், டிஃபால்ட் வாய்ஸ் லைன்ல பேங்க் நம்பரை வெச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

அதோட, புது போன்ல யூபிஐ ஏத்தின உடனே பெரிய தொகை போகாது. ஆண்ட்ராய்டுன்னா முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபா, ஐபோன்ல அதே 5,000 ரூபா 72 மணி நேரத்துக்கு. மொத்த யாவாரிக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி எதுன்னு பாத்துட்டு, அதுக்கு 4 நாள் முன்னாடியே ஏத்திருங்க.

சரக்கெடுக்க ஜூஜூவாடி தாண்டிப் போற ஆளா இருந்தா, கர்நாடகா டவர் பிடிச்சதும் சில சமயம் நெட் மட்டும் நின்னுரும், கால் வரும். டேட்டா ரோமிங்கை ஆன் பண்ணி வைங்க. உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் காசு இல்ல. இது ரெண்டு போனுக்கும் பொருந்தும்.

ராயக்கோட்டை_மண்டி

பழைய ஆண்ட்ராய்டை கடையில நிறுத்தற யோசனை நல்லதுதான். ஆனா அதுல சிம் இருக்காது, ஐபோன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டுவீங்க. ஐபோன்ல யாரும் கொஞ்ச நேரம் இணையலைன்னா ஹாட்ஸ்பாட் தானா மறைஞ்சுக்கும். காலையில கடை திறந்து பழைய போன் பிடிக்கலைன்னா, ஐபோன்ல பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டுப் பழைய போன்ல வைஃபையைத் தொடுங்க. அதே பக்கத்துல "மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி"ன்னு இருக்கறதையும் ஆன் பண்ணிருங்க, சில பழைய போனுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் எட்டும்.

இன்னும் ஒண்ணு. நீங்க சாப்பிடப் போகும்போது ஐபோனும் உங்க பாக்கெட்லயே வந்துரும். கடையில உக்காந்திருக்கற பையன் கைரேகை மெஷினை வெச்சுட்டு நெட் இல்லாம முழிப்பான். பழைய போனுக்கு டேட்டாவுக்குன்னு குறைஞ்ச பிளான்ல ஒரு தனி சிம் போட்டுருங்க.